இறங்கி வராத பாட்டு

பறவையும் பூச்சியும் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிய வாழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், குயிலின் பாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. ஏழு படி ஏறும். உச்சியில் ஒரு மூச்சு நிற்கும். பிறகு ஏழு படி இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். அது இறங்கும்போது கேட்டவர்கள், நல்ல வெயிலிலும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மலையடிவாரத்தில் ஓர் அத்தி மரம் இருந்தது. மத்தியானங்களில் அங்கேதான் கச்சேரி. குயில் பாடும். மரங்கொத்தி பட்டுப்போன கிளை ஒன்றில் தட்டும், அதுவும் தோன்றும்போது மட்டும். அடிமரத்தில் சில்வண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டு தொடங்கும் முன்பே அது தொடங்கிவிடும். முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் நிறுத்தும். சிர், சிர், சிர் என்று ஒரே சத்தம். கூடாது, குறையாது.

கச்சேரி முடிந்ததும் கேட்டவர்கள் குயிலுக்குப் பழம் கொண்டுவந்து வைப்பார்கள். மரங்கொத்திக்கு எறும்பு முட்டை. சில்வண்டு இவற்றைத் தின்பதில்லை. ஊசி மூக்கை மரப்பட்டையில் குத்திச் சாறு குடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஒரு கோடையில், பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து உடம்பெல்லாம் புள்ளிகளோடு ஒரு பெண்குயில் வந்தது. குயில் அதைத் தன்னோடு இருக்கச் சொன்னது.

"நம்ம இனத்துக்குக் கூடு கட்டத்தான் தெரியாது. ஒரு பாட்டையாவது முழுசா முடிச்சுக் காட்டு" என்றது பெண்குயில். "நாளை மத்தியானம் வரேன். பாட்டு இறங்கி முடியறப்ப நான் உன் கிளையில இருப்பேன். பாதியில நின்னுட்டா, என் வழியைப் பார்த்துப் போயிடுவேன்."

மறுநாள் காலை குயில் முதன்முறையாக அடிமரத்துக்கு இறங்கி வந்தது.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாள் நீ சும்மா இருக்கணும்."

"ஏண்ணே, எங்கேயாவது பிசகிட்டேனா?"

"பிசகெல்லாம் இல்லை. உன் சத்தத்துல என் குரல் பாதி மறைஞ்சுபோகுது. அவ என்னை மட்டும்தான் கேக்கணும்."

மேலேயிருந்து மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "யார்கிட்ட மாப்ளே பேசறே? அட, அங்கே ஒரு ஆள் இருக்கானா! இத்தனை நாளும் மரம்தான் அப்படி சத்தம் போடுதுன்னு நெனைச்சேன்."

சில்வண்டு குயிலிடம் மட்டும் கேட்டது: "ஏறும்போது சரிண்ணே. இறங்கும்போது?"

"இறங்க எனக்குத் தெரியாதா? என் பாட்டுடா அது."

"சரிண்ணே. மூச்சு விட மாட்டேன்."

மத்தியானம் வந்தது. எதிர் மரத்தில் பெண்குயில் காத்திருந்தது. சில்வண்டு தான் இல்லாத காட்டை முதல் தடவையாகக் கேட்டது. ஓர் இலை விழுவது கேட்டது. தூரத்தில் தண்ணீர் கல்லைத் தடவிப் போவது கேட்டது. எல்லாம் எங்கோ மிதப்பதுபோல் இருந்தது.

குயில் தொடங்கியது. அத்தனை தெளிவான குரலை அந்தக் காடு கேட்டதில்லை. நான்கு படி ஏறியது. ஐந்தாவதில் குரல் சற்று வேகமெடுத்தது. ஆறாவதில் இன்னும் வேகம். எதிர் மரத்தில் பெண்குயில் சிறகை விரித்துக் கிளம்பிவிட்டது. ஏழாம் படியில் நின்று குயில் கீழே பார்த்தது. ஏறி வந்த படிகளைக் காணவில்லை. தரையும் இல்லை. வெறும் வெயில்தான் இருந்தது.

சில்வண்டுக்குச் சத்தம் பிறக்கும் வயிறு விம்மியது. ஒரே ஒரு 'சிர்' போதும், குயில் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். அது சில்வண்டுக்குத் தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டது. 'என் பாட்டுடா அது' என்ற சொல்லும் கூடவே ஞாபகம் வந்தது. சும்மா இருந்தது.

பாட்டு உச்சியில் அறுந்தது.

பாதி வழியில் பெண்குயில் அந்தரத்திலேயே திரும்பியது. கிக், கிக், கிக் என்று அது பள்ளத்தாக்கைத் தாண்டிப் போவது வெகுநேரம் கேட்டது.

"தொண்டை கட்டிக்கிச்சா மாப்ளே?" என்றது மரங்கொத்தி. "நேத்து அத்தனை பழம் வேண்டாம்னு சொன்னேனே, கேட்டியா?"

குயில் மறுபடி பாடியது. ஏறியது. அறுந்தது. மறுபடியும். மூன்றாம் முறை அறுந்தபோதுதான் அது அடிமரத்தைப் பார்த்து, "தம்பி!" என்று கூப்பிட்டது. அங்கே பட்டை மட்டும் இருந்தது.

சில்வண்டு அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தது. கொடுத்த வாக்குக்காகச் சும்மா இருந்தோமா, பழி தீர்த்துக்கொண்டோமா என்று அதற்குத் தெரியவில்லை. வேர்களுக்கு நடுவே ஈர இருட்டில் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தது. மேலே எத்தனையோ கோடைகள் போயின. விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலே ஒரு நாள் வெளியே வந்து, பழைய தோலைக் கழற்றி மரத்திலேயே விட்டுவிட்டு, "அண்ணே, வந்துட்டேன்" என்று தொடங்கியது.

குயில் கேட்டது. ஆனால் அதற்குள் அது இறங்கும் வழியை மறந்திருந்தது.

அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் குயில் ஏறி ஏறிப் பாடி உச்சியில் சட்டென்று நின்றுவிடுகிறது. சில்வண்டு பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து வந்து, கோடையின் கொஞ்ச நாட்களுக்கு விடாமல் ஒலிக்கிறது. காட்டில் நடப்பவர்கள் அதைக் கேட்பதில்லை. எப்போதாவது அது நின்றால் மட்டும், பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, என்ன குறைகிறது என்று தெரியாமல் மரங்களைப் பார்க்கிறார்கள்.