வாளிக்கு வந்த பாலிசி

அந்த அரசாங்க ஆபீசில் நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இணை இயக்குநர் ஞானசுந்தரம் கை கழுவ, தினமும் இரண்டு வாளி சுமந்து படியேறினாள் துப்புரவுக்காரி குருவம்மா. முட்டி தேய்ந்துபோச்சு. லிஃப்ட் இருந்தது. ‘அதிகாரிகள் மட்டும்’ என்று போர்டும் இருந்தது.

“ஐயா, வாளியோட லிஃப்ட்ல ஏறிக்கிறேன்யா.”

“முடியாது. பாலிசி.”

“அது எந்தக் காயிதத்துலய்யா இருக்கு?”

“உனக்குக் காயிதம் வேற காட்டணுமா? முதல்ல பாலிசின்னா என்னன்னு அர்த்தம் சொல்லு. ஏத்திவிடச் சொல்றேன்.”

கிளார்க்குகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

மறுநாள் வாளி மேலே வரவில்லை. சாம்பார் சோறு சாப்பிட்ட கையோடு ஞானசுந்தரம் கீழே வந்தார். பின்னாலேயே கிளார்க்குகள். எதிரிலேயே பொதுக்குழாய். அதில் அதிகாரி கை நீட்டுவாரா?

“தண்ணி எங்கே?”

“மாடிக்குத் தண்ணி தூக்குறதில்லய்யா. பாலிசி.”

“எவன் போட்டது? எந்த ஆர்டர்? எழுத்துல காட்டு!”

குருவம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அர்த்தம் கிடைச்சிருச்சுங்கய்யா. சொல்றவங்க காயிதம் காட்ட வேணாம். கேக்குறவங்கதான் காட்டச் சொல்லிக் கத்தணும்.”

கிளார்க்குகள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. கையில் சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது.

பெரிய மனுஷர் தோற்றதாக ஒத்துக்கொள்வாரா? சாயங்காலம் போர்டை மட்டும் மாற்றினார்: ‘அதிகாரிகளும் தண்ணீர் வாளிகளும் மட்டும்’.

வாளி தனியாகப் போகாதே. குருவம்மா கூடவே போனாள். கீழே இறங்கும்போதும் ஒரு காலி வாளி கையில் இருந்தது.