இருதொழில் உருவத்தின் வழக்கு

முன்னொரு காலம் என்பதற்கு மேல் ஆண்டு தெரியவில்லை, நாள் தெரியும். ஐப்பசித் திங்கள் பத்தொன்பதாம் நாள், பகல் பன்னிரண்டாம் நாழிகை. வாடைக் காற்றுடன் ஆறாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. அரசன் மானவல்லன், தன் தம்பி தித்தன் போரில் இறந்த நாள் முதல் வழக்கு எதையும் விசாரிக்காமல், அரண்மனைக் கூடத்தில் ஓர் ஆட்டத்திலேயே பொழுதைக் கழித்து வந்தான்.

சீலையில் தீட்டிய ஒரு நாட்டின் படத்தில், வேப்பமரத்தில் செதுக்கிய உருவங்கள் பயணம் செய்யும் ஆட்டம் அது. ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் ஓலை உண்டு; அதன் தொழிலும் மொத்தம் பத்துப் படித் தேர்ச்சியும் அதில் எழுதப்பட்டிருக்கும். நேரும் ஆபத்தை விகடன் நக்கண்ணன் கதையாகச் சொல்வான். முறை வந்தவர் தாம் செய்யப்போவதைச் சொல்லி இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு தேர்ச்சிப் படியைக் கூட்டிப் பதினான்கோ அதற்கு மேலோ வந்தால் செயல் பலிக்கும். ஒரு முறைக்கு ஒரே வீச்சு, ஒரே செயல்.

சேனாதிபதி வயிரமேகனின் உருவத்துக்கு வாளில் பத்துப் படி. அரண்மனை வைத்தியர் ஆதிச்சனின் உருவத்துக்கு மருந்தில் பத்துப் படி. தித்தன் தனக்கென்று செதுக்கிக்கொண்ட உருவத்துக்கு மட்டும் வாளில் ஐந்து, மருந்தில் ஐந்து. வாழ்விலும் அவன் அப்படித்தான் இருந்தான். படையும் நடத்தினான், காயமும் கட்டினான். ஆற்றங்கரைப் போரில், விழுந்து கிடந்த ஒரு வீரனுக்குக் கட்டுப் போட வாளைக் கீழே வைத்தபோது வெட்டுண்டு இறந்தான். வாளை ஏன் கீழே வைத்தான் என்பது அரசனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தம்பியின் உருவத்தைத் தன் வலப்பக்கத்தில் வைத்து, அதற்காகத் தானே பகடை உருட்டி வந்தான்.

அன்று சேனாதிபதியும் வைத்தியரும் ஓர் ஓலையுடன் வந்தார்கள்.

"அரசே, அந்த உருவம் மிகை" என்றான் வயிரமேகன். "என் வீரனுக்குக் காயம் பட்டால் வைத்தியரின் முகத்தைப் பார்த்து நிற்கிறான். அதுவோ தானே வெட்டுகிறது, தானே கட்டிக்கொள்கிறது. ஒரே வயிற்றுக்கு இரண்டு இலை!"

"அது களத்தில் இருக்கும்வரை என்னை யாரும் அழைப்பதில்லை" என்றார் ஆதிச்சன். "இறந்தவரின் பொருள்களோடு அதையும் எரித்திருக்க வேண்டும்."

'இருதொழில் உருவம் அளவுக்கு மிஞ்சியது' என்று எழுதி இருவரும் கையொப்பம் இட்டிருந்தார்கள். ஆட்டத்தைவிட, அரசனின் வலப்பக்கத்து இடமே அவர்களை அதிகம் உறுத்தியது.

அரசன் சலிப்புடன் விகடனைப் பார்த்தான். "நக்கண்ணா, இருதொழில் உருவத்துக்கும் ஒருதொழில் உருவத்துக்கும் எள்ளளவும் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். இவ்விருவரின் கையொப்பமும் வேண்டும். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் உருவம் நெருப்புக்குப் போகும். நீ எல்லைக்கு அப்பால் போவாய்."

"மழையிலா, அரசே?"

"மழையில்தான்."

"குடை வேண்டுமானால் தருகிறேன், விகடரே" என்று வயிரமேகன் சிரித்தான்.

"முதலில் நான் ஒன்று தருகிறேன், ஐயா." நக்கண்ணன் தித்தனின் உருவத்தை எடுத்து நீட்டினான். "மிகையானது என்கிறீர்கள். மிகையானதை ஆள உங்களைவிடத் தகுந்தவர் யார்? இன்று நீங்கள் ஆடுங்கள். அடுத்து வைத்தியர் ஆடட்டும்."

அரசன் தடுக்கவில்லை. பதில் சொல்லும் முன்பே சேனாதிபதியின் கை உருவத்தை நோக்கி நீண்டது.

நக்கண்ணன் கதையைத் தொடங்கினான். "ஆற்றங்கரை. மழை. உங்கள் காலடியில் ஒரு வீரன். தொடையில் ஈட்டி பாய்ந்து இரத்தம் நிற்காமல் ஓடுகிறது. எதிரே பகைவன் கரையேறி வருகிறான். உங்கள் முறை."

அரசன் தலை நிமிர்ந்தான்.

"வெட்டுவேன்!" என்று வயிரமேகன் உருட்டினான். பகடையில் எட்டு விழுந்தது.

"எட்டும் ஐந்தும் பதின்மூன்று. ஒன்று குறைகிறது. பகைவன் உங்களை வெட்டினான். காலடியில் கிடந்தவனும் இரத்தம் வடிந்து இறந்தான்."

"இதெல்லாம் ஓர் உருவமா? என் வீரனாக இருந்தால் பதினெட்டு!"

"இவன் உங்கள் வீரன் இல்லையே, ஐயா."

அதே கரையில் வைத்தியரின் முறை வந்தது. காயத்தைக் கட்டுவதாகச் சொல்லி உருட்டினார், ஒன்பது விழுந்தது.

"பதினான்கு. வீரன் பிழைத்தான். அதற்குள் பகைவன் வந்து சேர்ந்தான். உங்கள் கையில் துணி இருந்தது, வாள் இல்லை."

"இன்னும் ஒரு வீச்சு கொடு!"

"தொழில் இரண்டு, வைத்தியரே, முறை ஒன்றுதான்."

ஆதிச்சன் உருவத்தைச் சீலையில் எறிந்தார். "ஒன்றுக்கும் உதவாது."

"இதோடு போவதைவிட வெறுங்கையோடு போகலாம்" என்றான் வயிரமேகன்.

"எழுதித் தருவீர்களா?"

உருவத்தின் மீது இன்னொரு குற்றம் சேர்கிறது என்று மகிழ்ந்து, 'இருதொழில் உருவம் அளவில் குறைந்தது' என்று எழுதி இருவரும் கையொப்பம் இட்டார்கள். நக்கண்ணன் வைத்தியரின் மருந்துத் தராசைக் கேட்டு வாங்கி, தட்டுக்கு ஒன்றாக இரண்டு ஓலைகளையும் வைத்தான். ஒரே கட்டிலிருந்து நறுக்கிய ஓலைகள். தராசு அசையாமல் நின்றது.

"அரசே, காலையில் இவர்கள் மிகை என்று எழுதினார்கள். இப்போது இவர்களே குறை என்று எழுதியிருக்கிறார்கள். மிகையையும் குறையையும் நிறுத்துப் பார்த்தாயிற்று. எள்ளளவும் ஏற்றத்தாழ்வு இல்லை. கையொப்பமும் ஆளுக்கு இரண்டாக இருக்கிறது."

அரசன் சிரித்தான். தம்பி இறந்த பின் நாற்பத்தேழு நாட்களில் முதல் சிரிப்பு அது. பழக்கம் விட்டுப்போன ஒலியாக இருந்தது. சேனாதிபதி தரையைப் பார்த்தான். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து நக்கண்ணனுக்குப் போர்த்திய அரசன், சீலையில் சாய்ந்து கிடந்த உருவத்தைக் கண்டதும் நிறுத்தினான்.

"நக்கண்ணா, அந்த வீரன் பிழைத்தானா?"

"ஆட்டத்திலா, அரசே?"

"ஆற்றங்கரையில்."

நக்கண்ணன் வாயிலைப் பார்த்தான். காவலன் கோடன் ஈட்டியை ஊன்றி, ஒரு காலை இழுத்தபடி உள்ளே வந்தான். காயம் ஆறிய நாள் முதல் அவன் அதே வாயிலில்தான் நின்றிருந்தான், யாரும் கேட்கவில்லை.

"பொழைச்சேன், சாமி" என்றான். "நீங்க திரும்பிக்குங்கன்னு கத்தினேன். 'அசையாதே, ஒரு முடிச்சுதான் பாக்கி'ன்னாரு. அந்த முடிச்சைப் போட்டுட்டுத்தான் திரும்பினாரு."

அரசன் தம்பியின் உருவத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பிறகு ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே எழுதினான்: 'இருதொழில் உருவம் ஆட்டத்தில் நீடிக்கும். முறை ஒன்றுதான் என்பதே அதற்குப் போதிய சுமை. இனி அதைக் கோடன் ஆடுவான்.' கீழே கையொப்பம் இட்டான்.

பொழுது சாய இன்னும் பன்னிரண்டு நாழிகை இருந்தது. மழை விடவில்லை. அரசன் எழுத்துக்களில் மை தடவித் துடைத்து, ஓலையைக் கோடனின் கையில் கொடுத்தான்.