இரண்டாம் மாடியின் ஆடி அமாவாசை அலை

தணிகாசலத்தின் வீட்டுக் கடல் பற்றி விவாதிப்பதற்காக எங்கள் அடுக்ககச் சங்கத்தின் கூட்டம், ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு காலை, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. காபி வந்தது. கொளத்தூரிலிருந்து கடல் வெகுதூரம் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தணிகாசலம் ஒருவரைத் தவிர.

தணிகாசலம் இரண்டாம் மாடி. சைக்கிள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நேர் கீழே, முதல் மாடியில், பாக்கியவதி. மகளிர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஹால் கூரையில், அமாவாசைக்கு மறுநாள், கட்டில் அகலத்துக்கு ஈரம் பரவியிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அந்த ஹாலில்தான் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள், அதுதான் அவர்கள் பழக்கம் என்று பாக்கியவதி சொன்னார்.

செயலாளர் இமானுவேல் சங்க விதியை வாசித்தார். மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுத் தண்ணீர்தான் என்று ஒப்புக்கொண்டால், அவரே காயவைத்து, பூசி, பெயின்ட் அடித்துத் தர வேண்டும். ஒழுகலுக்குக் காரணமான பொருளையும் அகற்ற வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கீழ்வீட்டுக் கூரையை உடைத்துக் குழாய்களைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதாவது, தணிகாசலம் வாய் திறந்தால் அவருடைய அலை போகும், திறக்காவிட்டால் பாக்கியவதியின் கூரை போகும். கூரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். எங்கள் போர்வெல் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, சிமெண்டும் தானாக உப்புப் பூக்கும், அது சாட்சியாகாது என்று இமானுவேல் வருத்தத்துடன் சொன்னார்.

தணிகாசலத்திடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் எழுந்து நின்றார். விளக்கம் கேட்டால் உட்கார்ந்துகொண்டு சொல்கிற ஆள் இல்லை அவர்.

முதலில் பவளத்தைப் பற்றிச் சொன்னார். பண்ணையில் வளர்த்த பவளம், பில் இருக்கிறது என்றார். பில்லை யாரும் கேட்கவில்லை. ஹாலில் இருக்கும் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் வைத்ததிலிருந்து அது சுருண்டுகொண்டு கிடந்தது. ஃபில்டர் தண்ணீரை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது, பவளமோ போய் வந்து போய் வரும் தண்ணீரில் பிறந்த ஜீவன். எனவே தொட்டிக்கு மேலே, லாஃப்டில், ஒரு நீல ட்ரம்மை ஏற்றினார். சின்ன மோட்டார் தொட்டித் தண்ணீரை ட்ரம்முக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். ட்ரம் நிறைந்ததும், வளைத்து வைத்த பிவிசி பைப் அத்தனையையும் ஒரே இழுப்பில் இழுத்துத் தொட்டியில் கொட்டும். அதுதான் அலை.

"இது வெஸ்டர்ன் டாய்லெட் தொட்டிதானே, தலைவரே?" என்று மூன்றாம் மாடி கோதண்டம் கேட்டார்.

"கொள்கை அதேதான். நோக்கம் வேற."

இதுவரை அவர் சொன்னது உண்மை. ட்ரம்மை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அது காலியாகும் கடைசி நொடியில் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டவர் போல ஓர் ஏப்பம் விடும். அதைக் கேட்டுவிட்டுத் தணிகாசலத்தின் மனைவியைத் திரும்பிப் பார்த்த விருந்தாளிகள் உண்டு. அந்த அம்மாள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று லிஃப்டில் சொல்லிவிட்டுப் போனார்.

இனி தணிகாசலம் சொன்னது.

முதல் அலை விழுந்ததும் பவளம் விரிந்தது. மீன்களுக்குத்தான் தலைசுற்றல். அவை கொளத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவை, கடலைக் கண்டதில்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டன. அதற்குள் ஹாலில் மத்தியானமானால் கடற்காற்று வீச ஆரம்பித்தது. ஃபேனை நிறுத்திவிட்டார்கள். டப்பாவில் இருந்த அப்பளம் எல்லாம் நமுத்துப் போயிற்று.

"எங்க வீட்லயும்தான் நமுத்துப் போச்சு" என்றார் கோதண்டம்.

"அங்க வரைக்கும் வீசியிருக்கு பாருங்க" என்றார் தணிகாசலம்.

கடல் என்றால் ஏற்றமும் வற்றமும் வேண்டும். அதற்கு அவர் தினசரி காலண்டரை வைத்துக்கொண்டார். பௌர்ணமிக்குப் பைப்பின் வால்வைக் கால்வாசி கூடுதலாகத் திறப்பார். அமாவாசைக்கு அரைவாசி. அஷ்டமி நவமியில் கடலும் சோம்பிக் கிடக்கும், நல்ல காரியமும் செய்யக்கூடாது என்பதால் மோட்டாரையே அணைத்துவிடுவார். இரண்டு மாதத்தில் ட்ரம்முக்கே நாள் நட்சத்திரம் பழகிவிட்டது. ஒருநாள், இன்று பௌர்ணமி, ஏன் இன்னும் பொங்கவில்லை என்று ட்ரம்மைத் திட்டினார். அது அசையவில்லை. பிறகு பார்த்தால் வீட்டில் காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்திருக்கிறார்கள். ட்ரம்மிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்.

இமானுவேல் கூரை ஈரத்துக்கு வரும்படி கேட்டுக்கொண்டார். வந்துகொண்டுதான் இருக்கிறேன், கடல் ஒரே நாளில் கரைக்கு வராது என்றார் தணிகாசலம்.

அலை ஒதுக்கிய மணல் முதலில் டிவி ஸ்டாண்டு வரை இருந்தது. பிறகு சோபா வரை வந்தது. காலையில் எதிர்வீட்டுத் தம்பதி அந்த மணலில் நடைப்பயிற்சி செய்தார்கள். ஞாயிறு சாயங்காலங்களில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்காரர் தூக்குடன் லிஃப்டில் ஏறி வந்தார். வியாபாரம் நன்றாக இருந்தது. பலூன் சுடுகிற பலகை ஒன்றை ஷூ ராக்குக்குப் பக்கத்தில் சாத்தி வைக்க ஒருவர் அனுமதி கேட்டார். குதிரைக்காரர்கூட ஒருநாள் வந்தார்.

"குதிரையுமா ரெண்டாம் மாடி ஏறிச்சு?"

"ஏறல. லிஃப்ட்ல நாலு பேருக்குத்தான் அனுமதின்னு போட்டிருக்கு. நான் விதிய மீறுறவன் இல்ல."

வாட்ச்மேனைக் கேட்டுவிடலாம் என்றார் கோதண்டம். அன்று வாட்ச்மேன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார் என்றார் தணிகாசலம், ஒரு நொடியும் தாமதிக்காமல்.

ஐப்பசி மழை வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் வானொலி சொல்வதற்கு முன்பே ட்ரம் உறும ஆரம்பித்துவிடும். அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பைக் கருதி, பால்கனியில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றினார். அதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரி இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தினார்.

"அது லவ் பேர்ட்ஸ் கூண்டு சார். நானே பாத்தேன்" என்றார் கோதண்டம்.

"பறவைங்கள எடுத்துட்டுத்தான் ஏத்தினேன்."

இந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். தணிகாசலம் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. பாக்கியவதியும் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாக்குமூலம் கேட்பவர் போலத் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை மட்டும், மேலே சொல்லுங்க சார் என்றார்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அரசு உத்தரவை மதித்து, தன் தொட்டியில் வலையே போடவில்லை என்றார் தணிகாசலம். செத்த மீனைக்கூடக் கையால்தான் எடுத்தார். தடை முடிந்த வாரம் காசிமேட்டு விசைப்படகு ஒன்று திசை தப்பி, பூஜை அறை ஜீரோ வாட் பல்பைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து ஹாலுக்குள் வந்துவிட்டது. ஐந்து பேர். பாவம், பசியோடு இருந்தார்கள். உப்புமா கொடுத்து, வில்லிவாக்கம் வழியாகப் போக வேண்டாம், அங்கே பாலத்தில் பாய்மரம் இடிக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

"விசைப்படகுக்குப் பாய்மரம் ஏது?" என்றார் கோதண்டம்.

"அதத்தான் அவங்களும் சொன்னாங்க. இருந்தாலும் ஜாக்கிரதைக்கு."

பிறகு ஆடி அமாவாசைக்கு வந்தார். கூட்டம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது, ஈரம் வந்தது அன்றுதான்.

விடியற்காலையிலேயே தர்ப்பணம் கொடுக்க ஜனங்கள் வந்துவிட்டார்களாம். வரிசை படிக்கட்டில் இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி, பால் பூத் வரை நின்றது. சோபாவில் சாஸ்திரிகள் உட்கார்ந்து தர்ப்பையும் எள்ளும் கொடுத்துக்கொண்டிருந்தார். பால்கனிக் கம்பியில் காக்கைகள் இடம் போதாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. வருஷத்தில் கடல் உச்சத்துக்கு எழும் நாள் அது. எனவே அவர் முதன்முறையாக வால்வை முழுசாகத் திறந்தார். அலை எழுந்தது. டிவியைத் தாண்டியது. சுவர்க் கடிகாரத்தைத் தாண்டியது. சீலிங் ஃபேன் தானாக நின்று வழிவிட்டது. உச்சிக்குப் போன அலை ஹாலில் நின்ற அத்தனை பேர் தலையிலும் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு, அப்படியே பின்வாங்கித் தொட்டிக்குள் போய்விட்டது.

"ஒரு சொட்டு வெளிய நிக்கல" என்றார் தணிகாசலம். "நெஜக் கடலே அப்பப்ப எல்லை மீறுது. என் கடல் மீறாது. அதனால மேடம் வீட்டு ஈரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. கோதண்டம் சார் பாத்ரூம் பைப் அந்த வழியாத்தான் இறங்குது, அதப் பாருங்க."

உட்கார்ந்தார். கோதண்டம் எழுந்தார். அவர் சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. இமானுவேல் அவரை உட்கார வைத்தார். வேறு வழியில்லை, யாரும் ஒப்புக்கொள்ளாததால் கூரையை உடைத்துப் பார்க்கத்தான் வேண்டும், கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். தணிகாசலம் காபியைக் குடித்தார். அவருடைய ட்ரம் தப்பிவிட்டது.

அப்போது பாக்கியவதி பேசினார். உட்கார்ந்தபடியேதான் பேசினார்.

"தணிகாசலம் சார் சொல்றது சரி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். அவ்வளவு பெரிய அலைன்னா என் கூரை தாங்குமா? வந்தது ரொம்பக் கொஞ்சம். ஏசியிலேருந்து ஒழுகுமே, அந்த மாதிரி."

தணிகாசலம் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏசி மாதிரியா?"

"அதவிடக் கம்மி சார். ஒரு டம்ளர் வெச்சேன். ராத்திரி பூரா வெச்சும் பாதி நெறையல."

"டம்ளரா வெச்சீங்க?"

"வேற என்ன வெக்கிறது? நாக்குல வெச்சுக்கூடப் பாத்தேன். சப்புனு இருந்துச்சு. கடல் தண்ணி மாதிரியே இல்ல. எங்கியோ வாஷர் தேஞ்சுபோன குழாய்." இமானுவேல் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். சின்ன ஒழுகல், அலை இல்லன்னு எழுதிக்குங்க."

இமானுவேல் பேனாவைத் திறந்தார். தணிகாசலம் சும்மா இருந்திருக்கலாம். வேட்டி நுனியை மடித்தார், பிரித்தார். பேனா தாளில் பட்டதும் எழுந்துவிட்டார்.

"சின்ன ஒழுகலா? மேடம், ஒரு ட்ரம் முழுசா எறங்கினா அது ஒழுகலா? பைப்புல காத்துப் போற ஓட்டை ஒண்ணு உண்டு. அதுலதான் ஏப்பம் விடும். ஆடி அமாவாசைக்குச் சம்பந்தி வீட்டாளுங்க வராங்க, அசிங்கமா இருக்குன்னு வீட்ல சொன்னாங்கன்னு எம்சீல் வெச்சு அடைச்சேன். காத்துப் போகலன்னா இழுப்பு எங்க நிக்கும்? வால்வு முழுசா தெறந்திருக்கு. ட்ரம்முக்கு ஏறுறதும் எறங்குறதுமா, தொட்டி தாங்காம பொங்கி, ஹால் பூரா கணுக்கால் தண்ணி. சோபாவுக்கு அடியில போன செருப்பு சமையல்கட்டுல கெடச்சுது. பெட்ஷீட்ட போட்டுப் புழிஞ்சோம், கோணியப் போட்டுப் புழிஞ்சோம். டைல்ஸ் இடுக்கு அத்தனையிலயும் எறங்கிச்சு. பாதி டம்ளராம். சப்புனு இருந்துச்சாம். உப்புக் கரிக்குதான்னு இப்ப போய் நக்கிப் பாருங்க."

தான் என்ன சொன்னோம் என்பது, மற்ற எல்லோருக்கும் விளங்கிய பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"எழுதிக்கட்டுமா சார்?" என்று இமானுவேல் கேட்டார்.

"எழுதுங்க."

விதிப்படி ட்ரம்மை இறக்க வேண்டும் என்று இமானுவேல் தயக்கத்துடன் நினைவூட்டினார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். பவளம் மறுபடி சுருண்டுகொள்ளும் என்றார், அதை மட்டும் மெல்லச் சொன்னார். அதில் மிகை எதுவும் இல்லை.

பாக்கியவதி கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தார். ட்ரம் இருந்துவிட்டுப் போகட்டும், புகார் கொடுத்தவள் நான், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அடைத்த ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். அமாவாசைக்குக் கடலுக்கு விடுமுறை விட வேண்டும். நிச்சயதார்த்தத்துக்குள் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. தணிகாசலம் நிமிர்ந்தார். உடனே பழைய ஆளாகிவிட்டார்.

"இமானுவேல், கணுக்கால்னா எழுதியிருக்கீங்க? முழங்கால்னு போடுங்க."

"கணுக்காலுக்கு ஒரு கோட் பெயின்ட் போதும் சார்" என்றார் பாக்கியவதி. "முழங்கால்னா ரெண்டு கோட்."

"ரெண்டு அடிச்சுத் தரேன். இன்னும் சரியாச் சொல்லணும்னா, இடுப்பளவு வந்துச்சு."

"இடுப்புன்னா நாலு செவுரும் சேத்து அடிக்கணும்."

இமானுவேல் பேனாவுடன் காத்திருந்தார். தணிகாசலம் சற்று நேரம் அண்ணாந்து, தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்தார். கடல் மெல்ல வற்றுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, கணுக்காலே இருக்கட்டும்" என்றார்.