தொட்டிக்குள் இறங்கியது

டாக்டர் கோதண்டபாணி வீட்டுக் கூடத்தில் பட்டப்பகலிலும் இருட்டு. சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார். காலமெல்லாம் கத்தி பிடித்து வயிறு வயிறாகத் திறந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு ஒரு புழுவோடு மல்லுக்கு நின்றார்.

புழு இருந்தது கடல்நீர்த் தொட்டியில். பவளமும் பாறையும் மீனுமாக அதை வளர்த்தவர் அவர் மனைவி கமலவேணி. வேணி போய்ச் சேர்ந்த பிறகு தொட்டி இவர் கைக்கு வந்தது. வந்த கொஞ்ச காலத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செத்து மிதந்தாலாவது மனசு ஆறும். ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. வேணி விரலை நீட்டினால் ஓடிவந்து தீனி வாங்கித் தின்னும். அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் யாருக்காக விளக்குப் போடுவது என்று புலம்புவார்.

இருட்டில்தான் புழு வெளியே வரும், சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது என்று மீன் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். போதாதா? டாக்டர் கூடத்தையே இருட்டாக்கி, சிவப்பு டார்ச்சும் இடுக்கியுமாக உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் பாறை ஓட்டையிலிருந்து அது தலை நீட்டியது. விரல் தடிமன். தலையில் ஐந்து கொம்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தண்ணீரைத் தடவிப் பார்த்தது. எத்தனையோ ரத்தம் பார்த்த மனிதருக்கு முதுகு சில்லிட்டது. இடுக்கி கிட்டே போவதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று பிடித்தது வெறி. தோள்வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மணிக்கொரு தரம் தொட்டிக்குள் கைவிட்டார். பாறையைப் புரட்டினார், ஓட்டையெல்லாம் கம்பி விட்டுக் குடைந்தார். ஒருவழியாகப் பெரிய பாறையைத் தூக்கி உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்கியதும் புழு தாங்காமல் வெளியே வழிந்தது. கைத்தடி நீளம், ஊதா மினுக்கம். அதைக் கடல்நீர் வாளியில் போட்டு வைத்தார்.

புழு வந்துவிட்டது. மீன் வரவில்லை. பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டு, போட்ட தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வயிறு ஒட்டிப்போயிற்று.

டாக்டர் மங்கையர்க்கரசி அம்மாவிடம் ஓடினார். வியாழக்கிழமை தோறும் நாலு பேரைக் கூட்டிவைத்து, கண்ணை மூடிச் சும்மா உட்காரப் பழக்குகிறவர் அவர். டாக்டருக்கு மகள் வயசு. மற்றவர்களெல்லாம் எப்படியோ உட்கார்ந்துவிடுவார்கள். நம் டாக்டர் மட்டும் பாயின் ஓரத்தில் நூல் பிரித்துக்கொண்டிருப்பார். அம்மா ஒரு நாளும் அவரைக் கடிந்ததில்லை. இன்றும் ஒன்றும் கேட்காமல் கூடவே கிளம்பி வந்தார்.

வாளிக்குள் புழு விளிம்பைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். வேணி வாங்கிய பாறையோடு குட்டியாக வந்திருக்கும், நாங்கள் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம் உள்ளேயிருந்து வளர்ந்திருக்கும் என்றார் டாக்டர்.

"எதிரியைத்தான் எடுத்தாச்சே. அது ஏம்மா இன்னும் வரமாட்டேங்குது?"

 அம்மா அவரைத் தரையில் உட்காரச் சொன்னார். மீன் ஒண்டியிருந்த இடுக்கின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, மேலே பார்க்கச் சொன்னார். பிறகு ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் நீர்ப்பரப்பு கலைந்தது. கறுப்பாக ஒன்று உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நுனியில் ஐந்து கொம்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. ஒரு பாறையைத் தடவியது, விட்டது, அடுத்ததற்கு நகர்ந்தது. ஓட்டை ஓட்டையாக நுழைந்து பார்த்தது. அதற்கு அவசரமே இல்லை. அது அம்மாவின் கை என்று டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மீன் பின்னால் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. இனி போக இடமில்லை என்றானதும் பாறைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வேணியும் அப்படித்தான் திரும்பிக்கொண்டாள். இன்னொரு ஆபரேஷன் வேண்டாங்க, என்னை விட்டுடுங்க என்று கெஞ்சினாள். இவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தரம் அவள் அறைக்குள் போய்க் குழாயைச் சரிசெய்வார், கட்டைப் பிரிப்பார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார். கதவுச் சத்தம் கேட்டாலே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். வலியினால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். 

"போதும்மா. எடுத்துடுங்க."

கை மேலே போய் மறைந்தது. டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"வேணி கைன்னா ஓடி வருமே."

"அவங்க எப்பெப்போ கை வைப்பாங்க?"

"காலையில ஒரு தடவை. தீனி போட."

"நீங்க?"

 டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனையே பார்த்தார். செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. இன்னும் ரெண்டொரு நாள் தாங்குமோ என்னவோ.  பழக்க தோஷம், கை தானாக இடுக்கியைத் தேடியது.

"அது ஒண்டியிருக்கிற பாறையையும் எடுத்துட்டா வெளிய வந்துதானே ஆகணும்? இப்பவே எடுத்துடட்டுமா?"

அம்மா ஈரக் கையுறையை உரித்துத் தரையில் போட்டார்.

"புழுகூட பசிச்சப்போ தானாத்தான் தலை நீட்டுச்சு, டாக்டர். இதையும் விட்டுடுங்க."