பலவேசம் தொட்டி நிரப்பிய கதை

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில், மாடியில் நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. ஆசிரியை ஜெபசெல்விக்கு வயது இருபத்தாறு, மாணவர் பலவேசத்துக்கு நாற்பது. அவர் அவளை மிஸ் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

பலவேசம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அரசு வேலைக்கான பரீட்சை எழுத அவருக்கு இந்த ஆண்டோடு வயது முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை இல்லை. பரீட்சைக்கு எட்டு நாள்தான் பாக்கி.

சரக்கு ஏற்றும் நேரத்திலும் வண்டியில் உட்கார்ந்து படித்த மனிதர். தமிழும் வரலாறும் தலைகீழாகச் சொல்லுவார். கணக்கில் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பக்கத்துப் பிள்ளைகள் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் இவர் விடை எழுதிப் பேனாவை மூடியிருப்பார். என்ன பிரயோஜனம்? சீராக வளர்கிற கணக்கு எது வந்தாலும் மனிதர் கவிழ்ந்துவிடுவார்.

அன்றைக்கு வந்தது தென்னங்கன்று. நடும்போது நாற்பது சென்டிமீட்டர் உயரம், மாதம் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வளர்கிறது, பன்னிரண்டு மாதம் கழித்து உயரம் என்ன என்று கேள்வி. பலவேசம் அறுபது என்று எழுதினார். பின்வரிசைப் பெண் ஒருத்தி நூறு என்றாள். நூறுதான் சரி.

வகுப்பு கலைந்து நாலைந்து பிள்ளைகள் மட்டும் பேசிக்கொண்டு நின்றார்கள். பலவேசம் தாளை எடுத்துக்கொண்டு ஜெபசெல்வியிடம் போனார்.

"அஞ்சு பன்னெண்டு அறுபதுதான மிஸ்? பெருக்குனது சரி. விடை மட்டும் எப்படித் தப்பாப் போவுது?"

எப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் பெருமையாகவே சொன்னார். முன்பு படித்த இடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கதையை வாசித்து நேரத்தை வீணாக்காதே. கடைசி வரியில் எத்தனை மாதம் என்று பார். வீதம் என்கிற சொல்லைத் தேடிப் பிடி. இரண்டையும் பெருக்கு, அடுத்த கேள்விக்கு ஓடு.

ஜெபசெல்வி மேலே கையைக் காட்டினாள்.

"மொட்டை மாடித் தொட்டியில தண்ணி விடணும் அண்ணாச்சி. ஐந்நூறு லிட்டர் தொட்டி. மோட்டார் போட்டா நிமிஷத்துக்கு இருபது லிட்டர் ஏறும். நிறைஞ்சதும் நீங்களே நிப்பாட்டிருங்க."

பலவேசத்துக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஐந்நூறை இருபதால் வகுத்தார். இருபத்தைந்து நிமிஷம். மோட்டாரைப் போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், நிம்மதியாக வந்து உட்கார்ந்து அடுத்த தாளைப் பிரித்தார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மாடிச் சுவரின் தூம்பு வழியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னலோரம் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கீழே பலவேசத்தின் லோடு ஆட்டோ குளித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சீட்டும் நனைந்தது, சீட்டில் மடித்து வைத்திருந்த துண்டும் நனைந்தது.

பலவேசம் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தார். திரும்பி வந்தவருக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி. ஜெபசெல்வியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தொட்டிக்குள்ள ஏற்கெனவே தண்ணி கெடந்துச்சா மிஸ்?"

"முந்நூறு லிட்டர் கெடந்துச்சு."

"நீங்க சொல்லவே இல்லியே."

"நான் சொல்லலைதான். கணக்கு எழுதுறவங்க என்னைய மாதிரி இல்ல அண்ணாச்சி, நல்லவங்க. மொத வரியிலயே சொல்லிருதாங்க."

பலவேசம் தாளைப் பார்த்தார். நடும்போது நாற்பது சென்டிமீட்டர். அது அங்கேயேதான் இருந்தது. இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி கழுவுகிற வேலை மிச்சம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து அவரே தன்னைக் கிண்டல் செய்துகொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குகளைப் போட ஆரம்பித்தார். இந்தத் தடவை மெதுவாக, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு. ஏற்கெனவே இருபது பேர் இருக்கும் நூலகத்தில் வாரம் நான்கு பேர் சேர்ந்தால் ஆறாவது வார முடிவில் எத்தனை பேர்? நாற்பத்து நான்கு. சரி. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. ஜெபசெல்வி போட்ட ஒவ்வொரு சரிக்கும் அவர் முகம் மலர்ந்தது. பார்க்கிற யாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பிள்ளைகள் போன பிறகு அந்த முகம் மெல்ல வாடியது. தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"மிஸ், நான் பரீட்சைக்குப் போவல."

ஜெபசெல்வி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அழிப்பதை நிறுத்தித் திரும்பினாள்.

இந்தப் பிள்ளைகள் எல்லாம் நேற்றுதான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் என்றார் அவர். அவர்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு போய் உட்கார்ந்து, தோற்று, இறங்கி வர வேண்டும். முடியாது என்று கணக்கே சொல்லும்போது எதற்கு வீணாய்ப் போவது?

"எந்தக் கணக்கு சொல்லுது?"

"என் கணக்குதான்."

"அதையும் சொல்லுங்க அண்ணாச்சி, பாப்போம்."

பலவேசம் பரீட்சைத் தாளில் இருப்பது போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒரு ஆளு. ஒரு நாளைக்கு மூணு கணக்கு வீதம் கத்துக்கிடுதான். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கு. பரீட்சை அன்னைக்கு அவன் கையில என்ன இருக்கும்? இருபத்து நாலு. இத வச்சு என்ன செய்ய மிஸ்?"

அவள் விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

"பெருக்குனது சரி. மொத வரி எங்க அண்ணாச்சி?"