பத்தொன்பது பட்டங்கள்

வேங்கைக்கோட்டை ராஜாவுக்கு மதியத் தூக்கம் என்றால் உயிர். அரண்மனைக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கத்திச் சொன்னதில் அது கெட்டுப்போனது.

"வாத்தியார் சொல்வதைக் காதால் கேட்டால் போதாதா? இனி எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொல்லக் கூடாது" என்று உத்தரவு போட்டார். மந்திரிகள் ஆகா ஆகா என்று தலையாட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்தே போனது. அவர்களில் ஒருத்தி தாண்டவனின் மகள்.

தாண்டவன் அரண்மனைக் கட்டியக்காரன். ராஜா சபைக்குள் வரும்போதெல்லாம் அவருடைய பத்தொன்பது பட்டங்களையும் உரக்கச் சொல்வது அவன் வேலை.

பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்த அன்று ராஜா சபைக்குள் நுழைந்தார். தாண்டவன் வாயே திறக்கவில்லை.

"என்னடா, வாயில் கொழுக்கட்டையா?" என்று உறுமினார் ராஜா.

"பன்னிரண்டு வருஷமாக மந்திரிகள் தினமும் காதால் கேட்கிறார்கள், மகாராஜா. இன்றைக்கு அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்."

முதல் மந்திரி மூன்றாவது பட்டத்தில் நின்றுவிட்டார். சேனாதிபதி இரண்டைத் தாண்டவில்லை. கடுப்பில் ராஜா தானே ஆரம்பித்து, ஆறாவதில் விழி பிதுங்கி நின்றார். தூதர் மீசைக்குள் சிரித்தார்.

"தினமும் வாயால் சொன்னவன் நான் ஒருத்தன்தான், மகாராஜா. இப்போது சொல்லட்டுமா, இல்லை உத்தரவு எனக்கும் சேர்த்துத்தானா?" என்றான் தாண்டவன் பணிவாக.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டுச் சத்தம் கூரையைப் பிய்த்தது. ராஜாவின் தூக்கம் அதனால் கெடவில்லை. அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னுடைய ஆறாவது பட்டத்தைப் பத்தாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.