கிணற்றுக் கல்லுக்குள் ஒரு பல்

யாராவது சண்டை போட்டால் நடுவில் போய்த் தீர்ப்புச் சொல்லும் ஆளா நீங்கள்? அப்படியானால் இதையும் கேளுங்கள். அவசரம் வேண்டாம். நான் அவசரப்பட்டு மூக்குடைபட்டவன்.

வான்மதியும் அமலதாஸும் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த புழுக்களின் பற்களைத் தேடுவதுதான் வேலை. புழுவுக்கு எலும்பு கிடையாது. உடம்பு மக்கிப்போய், பல் மட்டும் கல்லுக்குள் தங்கிவிடும். கடுகில் பாதிகூட இருக்காது. சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரையும், பல் கரையாது. பல் வேண்டுமென்றால் கல் போயாக வேண்டும்.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் அஞ்சலை என்று ஓர் அம்மாள். அவள் கணவர் கொளஞ்சி கிணறு வெட்டுகிறவர். கடைசியாக வெட்டிய கிணற்றில், தண்ணீர் கண்ட இடத்துக் கல்லொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வருடமே இறந்துபோனார். கல் அவர் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. “பாத்துட்டு அப்படியே குடுத்துரணும் கண்ணு” என்று சொல்லித்தான் அஞ்சலை அதை, கல் தேடி ஊருக்கு வந்த வான்மதியிடம் கொடுத்தாள். வான்மதியும் வாக்குக் கொடுத்தாள்.

நுண்ணோக்கியில் பார்த்தால், கல்லின் ஓரத்தில் ஒரு பல் தெரிந்தது. பாதி வெளியே, பாதி உள்ளே. அதுபோல ஒன்றை இருவருமே பார்த்ததில்லை. முழுதாக வெளியே எடுத்தால்தான் எந்தப் புழுவினுடையது என்று சொல்ல முடியும். கிணற்றுக்கோ சுற்றிலும் சிமெண்ட் உறை இறக்கியாகிவிட்டது. வேறு கல் எடுக்க வழியில்லை.

“அந்தம்மாகிட்ட கேட்டுப் பாப்போமே” என்றான் அமலதாஸ்.

“கேட்டா அவங்களால மறுக்க முடியாது தாஸ். படிச்சவங்க கேக்கறாங்களேன்னு மனசில்லாம குடுத்துடுவாங்க. அது பிடுங்குறதுதான்” என்றாள் வான்மதி. மறுநாளே கல்லைத் திருப்பிக் கொடுத்தாள். பல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. வரும் வழியெல்லாம் அழுதாள். பாவம், ஐந்து வருடத் தேடல் அது.

அமலதாஸுக்கு மனசு ஆறவில்லை. அவளிடம் சொல்லாமல் அஞ்சலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். கல் கரைந்துவிடும் என்பதையும் ஒளிக்கவில்லை. “வேணாம்னா சொல்லிடுங்கம்மா, கோவிச்சுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அஞ்சலை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கல்லை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஆய்வுக்கூடத்துக்கே வந்து, கரைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அமிலத்தில் கல் நுரைப்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து, நுண்ணோக்கியில் அந்தக் கறுத்த பல்லை வெகுநேரம் பார்த்தாள்.

“அந்தம்மாவை அழ வெச்சிட்டியே” என்று வான்மதி அமலதாஸோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வாயை மூடிக்கொண்ட வான்மதியா, அவளுக்குத் தெரியாமல் போய்க் கேட்ட அமலதாஸா? இதில் யார் செய்தது சரி?

நான் முதலில் வான்மதி பக்கம்தான் பேசினேன். என் வாயை அடைத்தது அஞ்சலைதான். அமலதாஸ் செய்ததே சரி. வாக்கு வாங்கியவள் அஞ்சலை. அதைத் தளர்த்தும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. மறுக்க முடியாதவள் என்று நாமாக நினைத்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிட்டால், அந்த உரிமையை நாம் எடுத்துக்கொண்டதாகிவிடும். பல்லைப் பார்த்த அன்று வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை சொன்னாள்: “உம்மேல கோவமில்ல கண்ணு. ஆனா என்னைக் கேக்கவே கூடாதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட பாரு. அவரு என்ன கொண்டாந்து வெச்சாருன்னு தெரியாமலே நான் செத்திருப்பேன்.”